பீரோவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்

அங்க ஒருத்தரும் இல்ல. நல்லாப் பாத்துட்டேன். பீரோ இருக்கு, அது மேல ரெண்டு பழைய சூட்கேசு இருக்கு, சுவத்துல மாதா படம் போட்ட காலண்டர் இருக்கு, அதுக்குக் கீழ பிளாஸ்டிக் நாற்காலி. அம்புட்டுதான். காலையில இவுக கண்ணு முழிச்சதும் முழிக்காததுமா அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு, அவரு எம்புட்டு நேரமா நிக்காரு மதலே, ஒரு நாற்காலி எடுத்துப் போடக் கூடாதான்னு எங்கிட்ட கேட்டாக. யாரு நிக்கான்னு கேட்டேன். வெள்ளைச் சட்டைன்னாக. பஸ்சுல தெரிஞ்ச ஆளைப் பாத்த மாதிரி லேசாச் சிரிச்சாக. காலண்டர் படத்தைத்தான் பாத்திருப்பீகன்னு சொல்லிட்டு, கொல்லையில கொடியில கிடந்த துணி அம்புட்டையும் அள்ளிட்டு வந்து அந்த நாற்காலியில போட்டேன். மடிக்கப் போறவ மாதிரி. மடிக்கல. இவுக லுங்கி, என் சேலை, படுக்கை விரிப்பு, எல்லாம் குமிஞ்சு கிடக்கு. உக்கார இடம் இல்லாட்டி எம்புட்டு நேரந்தான் ஒரு ஆளு நிக்கும், கால் கடுத்தா தன்னால போயிரும்னு ஒரு நெனைப்பு. பொனிப்பாஸ் டிரைவர் பெண்டாட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டுன்னு தெருவுல சொல்லுவாக. சொல்லட்டும். இவுகளைப் பெரிய ஆஸ்பத்திரியில, நெஞ்சு பூரா புத்து பரவிட்டு, இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லி அனுப்புன நாளையிலருந்து எனக்குப் பாதிக் கிறுக்குத்தான். குளிக்கப் போனாக்கூடக் கதவைத் திறந்துபோட்டுத்தான் குளிக்கேன். இவுகளைத் தனியா விட்டுட்டு வாசப்படி தாண்டுனதில்ல.

கோயில்ல மத்தியான மணி அடிக்குது. இந்த மணி அடிச்சா கையில எந்த வேலை இருந்தாலும் போட்டுட்டு எந்திச்சு நின்னு செபம் சொல்லணும், சின்னப் பிள்ளையிலருந்து அப்படித்தான். சம்மனசு, அதான் தேவதூதர், வந்து மாதாவுக்குச் சேதி சொன்னதுல ஆரம்பிக்கிற செபம். எந்திச்சிட்டேன். முதல் வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துட்டு. விழுங்கிட்டேன். எனக்கு இன்னைக்கு யாரும் ஒரு சேதியும் கொண்டுவர வேண்டாம். கரண்டு வேற போயிட்டு, காத்தாடி நின்னுட்டு, செல்போனும் செத்துக் கிடக்கு, இவுக நெத்தியில பொடிப்பொடியா வேர்வை. காலண்டர் அட்டை ஒண்ணை எடுத்து விசிறுதேன். விசிறும்போதும் கண்ணு அங்கதான் போகுது. மருந்து மயக்கமா இருக்கும். அந்த ஊதா மாத்திரை போட்டா ஆளு அப்படியே கிறங்கிருது, போன வாரம் மோட்டு வளையில எறும்பு ஊருதுன்னாக, எறும்பு இல்ல, நான் ஏணி வச்சு ஏறிப் பாத்தேன். எறும்பும் இல்ல, இதுவும் இல்ல. ஆனா எறும்பைப் பாத்தப்ப முகஞ்சுளிச்சாக. இன்னைக்குச் சிரிச்சாக. அங்கதான் எனக்கு இடிக்குது.

மாத்திரைன்னு சொன்னா இந்தத் தெருவுல ஒருத்தரும் நம்ப மாட்டாக. எங்க ஆளுக மத்தியில இது ஒரு கணக்கு. சாகக் கிடக்கிறவரு யாரோ நிக்காகன்னு சொல்லிட்டா போதும், காவல் சம்மனசு வந்துட்டு, அழைச்சுட்டுப் போகப் போகுதுன்னு வச்சுக்கிடுவாக. உடனே பீரோவைத் திறந்து, மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மந்திரிச்ச மெழுகுவர்த்தியை எடுத்துக் கையில பிடிக்கக் குடுப்பாக. ஒருத்தர் கோயிலை ஒட்டுன சாமியார் பங்களாவுக்கு ஓடுவாக. சாமியார் எண்ணெய்ச் சிமிழோட வருவாரு, அவஸ்தை குடுப்பாரு. நெத்தியில எண்ணெய், கையில எண்ணெய். தெருப் பொம்பளைக எல்லாம் முக்காடு போட்டுக்கிட்டு வாசல்ல முழங்கால்ல நிப்பாக. அந்த எண்ணெய் காயுறதுக்குள்ள பந்தல்காரனுக்குச் சொல்லி விட்டுருவாக. எங்க அப்பாவுக்கு அப்படித்தான், எதுத்த வீட்டு சலேத்தக்காவுக்கு அப்படித்தான். சின்னச் சாமியார் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல தலைபாடா அடிச்சுக்கிடுதாரு, அதுக்கு இப்ப அவஸ்தைன்னு பேரு இல்ல, நோயில் பூசுதல், சாவுக்கு இல்ல, சொகத்துக்கு, முன்கூட்டியே கூப்பிடுங்கன்னு. யாரு கேக்கா. எல்லாரும் தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்து, இழுத்துக்கிட்டுக் கிடக்கும்போதுதான் கூப்பிடுதாக. அப்புறம் எண்ணெய் பட்டதும் போயிட்டாருன்னு எண்ணெய் மேல பழி. எனக்கு இது புரியாம இல்ல. பக்கத்துத் தெரு வியாகப்பருக்கு மூணு தடவை அவஸ்தை குடுத்தாச்சு, இன்னைக்கும் டீக்கடையில வடை பிய்ச்சுத் தின்னுக்கிட்டுத்தான் இருக்காரு. தெரியும். தெரிஞ்சும் பயமா இருக்கு. அந்தச் சிமிழு இந்த வாசப்படியைத் தாண்டுனா நானே ஆமான்னு சொன்ன மாதிரி. நான் சொல்ல மாட்டேன்.

இவுகளுக்கு ஆதியிலருந்தே சம்மனசு மேல ஒரு இது. லாரி முன் கண்ணாடியில காவல் சம்மனசு துணைன்னு செவப்பு எழுத்துல எழுதி வச்சிருந்தாக. கிளீனர் வராத நாள்ல இடது பக்கச் சீட்டுல யாரையும் ஏத்த மாட்டாக, வழியில தெரிஞ்ச ஆளு கையைக் காட்டுனாக்கூட உப்பு மூடை மேல ஏறிக்கிடச் சொல்லுவாக. அங்க ஆளு இருக்குன்னு சொல்லுவாகளாம். சம்பளம் கேக்காத கிளீனர், பேட்டா கேக்காத கிளீனர்னு என்கிட்ட பீத்திக்கிடுவாக. ஒரு தடவை மலைப்பாதையில கண்ணு சொருகுற நேரத்துல தொடையில யாரோ பளார்னு அடிச்சாகளாம், முழிச்சுப் பாத்தா முன் டயரு பள்ளத்து விளிம்புல. வீட்டுக்கு வந்து கண்ணீரோட சொன்னாக. அது நான் கட்டிக்குடுத்த மொளகாத் தொக்கு, வயித்துல எரிஞ்சிருக்கும்னு சொன்னேன். அன்னைக்குப் பூரா என்கூடப் பேசல. இப்ப நெனச்சா, ஆமாங்க, சம்மனசுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் தேஞ்சா போயிருக்கும். எனக்குப் பொறாமை, வேற என்ன. இவுக ரோட்டுல போகும்போது பக்கத்துச் சீட்டுல ஒருத்தர் உண்டு. நான் இங்க, லாரி சத்தம் கேக்குதா கேக்குதான்னு காதைத் தெருவுல வச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன், எனக்குப் பக்கத்துல தலகாணிதான். எனக்கும் ஒண்ணு உண்டும்பாக. எல்லாருக்கும் உண்டாம். என்னோடது வாய் பேசாத ரகம் போல.

வேர்வை துடைக்கேன். காதுக்குப் பின்னால, கழுத்து மடிப்புல. கழுத்து எம்புட்டுச் சிறுத்துப் போச்சு. ஸ்டியரிங் பிடிச்ச தோளு இது, இந்தத் தோளுல ஒரு மூடை உப்பைத் தூக்கிப் போட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே நடப்பாக. இப்ப எலும்பு. பச்சப்பிள்ளை கழுத்து மாதிரி. எனக்குப் பச்சப்பிள்ளையைத் தூக்கிப் பழக்கம் இல்ல, ஆனா அப்படித்தான் தோணுது. ஒண்ணு தங்குச்சு, மூணு மாசம். அப்புறம் இல்ல. அதுக்கப்புறம் எத்தனை கோயில், எத்தனை நேர்ச்சை, ஒண்ணும் நடக்கல. அந்த மூணு மாசத்தைப் பத்தி நானும் இவுகளும் பேசிக்கிட்டதே இல்ல. ஆனா ஒரு நாள் மடத்துல ஒரு வயசான சிஸ்டர்கிட்ட கேட்டேன். ஒரு உசிரு உண்டான அன்னைக்கே அதுக்குன்னு ஒரு சம்மனசைக் கடவுள் குடுக்காருன்னு பள்ளிக்கூடத்துல நீங்கதான சொல்லித் தந்தீக சிஸ்டர், அப்படின்னா என் பிள்ளைக்குக் குடுத்தது என்ன ஆச்சுன்னு கேட்டேன். சிஸ்டர் என் தலையில கையை வச்சு, கடவுளுக்குத் தெரியும்னு சொல்லி சின்னதா ஒரு சாமி சுருவப் படம் குடுத்து அனுப்பிட்டாக. எனக்கு அது பத்தல. பிள்ளை கடவுள்கிட்ட போயிட்டு, சரி. அதைப் பாத்துக்கிடன்னு வந்தது? தூக்கிப் பழகாம, நடக்கச் சொல்லிக்குடுக்காம, காய்ச்சலுக்குப் பக்கத்துல உக்காராம, வண்டி ஏறக் கூப்பிடாத கிளீனர் மாதிரி ஷெட்டு வாசல்ல நின்னுக்கிட்டே இருக்குமோ. அதை நெனச்சு நான் அழுதிருக்கேன். பிள்ளைக்கு அழுததை விட அதுக்குத்தான் ஜாஸ்தி அழுதேனோ என்னமோ. எவகிட்டப் போயி இதைச் சொல்ல.

வாசல்ல செருப்புச் சத்தம். கொர்னேலி மதினி. இவுகளுக்கு மூத்தவுக, நாலு வீடு தள்ளி இருக்காக, மரியாயின் சேனையில தலைவி, சாவு வீடுன்னா செபம் சொல்ல முதல் ஆளா நிக்கிறவுக. தூக்குச்சட்டியில ஆட்டுக்கால் சூப்பு. கட்டில்கிட்ட வந்து தம்பி முகத்தைக் குனிஞ்சு பாத்துட்டு, நெத்தியில சிலுவை போட்டாக. அப்புறம் நாற்காலியைப் பாத்தாக. துணிக் குமியலைப் பாத்தாக. என்னையப் பாத்தாக. இவன் எதுவும் சொன்னானான்னு கேட்டாக. ஒண்ணும் சொல்லல மதினி, தூக்கந்தான்னேன். பொய் நல்லா வழுவழுன்னு வந்துச்சு. மதினி தன் அப்பா கதையை ஆரம்பிச்சாக, அவரும் இப்படித்தான் ஒரு பக்கமாவே பாத்துக்கிட்டுக் கிடந்தாருன்னு. நான் சூப்பு ஆறிப் போகும்னு சொல்லிக்கிட்டே தூக்குச்சட்டியை வாங்கி உள்ள வச்சேன். பின்னாலேயே வந்தாக. சின்னச் சாமியார் பங்களாவுலதான் இருக்காராம், ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம், பத்து நிமிசத்துல வந்துருவாராம். நாளைக்குப் பாக்கலாம்னேன். நேத்தும் நான் நாளைக்குன்னுதான் சொன்னேனாம். டாக்டர் குடுத்த மாத்திரை இப்பத்தான் வேலை செய்யுது, ஆளு கூட்டம் வந்தா பயந்துருவாகன்னு என்னென்னமோ அடுக்குனேன். மதினி எதையும் காதுல வாங்கல. அடுப்படி நிலையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாத்தான் கேட்டாக, கோவமாக்கூட இல்ல.

"அவனுக்காக அவனை வச்சிருக்கியா, உனக்காக வச்சிருக்கியா?"

மதினி என் தோளை ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிட்டாக. இப்படிக் கேட்டுட்டுத் தோளைத் தட்டாமப் போயிருந்தா நல்லா வஞ்சிருப்பேன். எனக்காகத்தான். ஆமா, எனக்காகத்தான். அதுல என்ன குத்தம். மதினிக்கு மூணு பிள்ளைக, ஏழு பேரப்பிள்ளைக, அவுக வீட்டுல ஒரு ஆளு குறைஞ்சா எலை ஒண்ணு குறையும். இந்த வீட்டுல இவுக போனா நான் யாருகிட்ட உப்பு கூடிட்டா குறைஞ்சுட்டான்னு கேப்பேன். யாரு என்னைய மதலேன்னு கூப்பிடுவா, பல்லைக் கடிச்சுக்கிட்டு யாருகூடச் சண்டை போடுவேன். இந்த இருமலைக் கேட்டுக்கிட்டே எத்தனை நாள் வேணும்னாலும் இருந்துருவேன். சத்தம் இல்லாமப் போயிட்டாத்தான் என்னால முடியாது. அதைத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். மதினி கேட்டது எனக்கு வலிக்கல, மதினிக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் வலிக்குது.

ஸ்பூனால சூப்பு குடுத்தேன். ரெண்டு ஸ்பூன் உள்ள போச்சு, மூணாவது கடவாயில வழிஞ்சுட்டு. சம்மனசு ரொட்டி கொண்டுவந்து குடுத்த கதை ஒண்ணு உண்டு. எலியாஸ் தீர்க்கதரிசி, செத்தாப் போதும்னு செடி நிழல்ல விழுந்து கிடப்பாரு. சம்மனசு வந்து தொட்டு எழுப்பி, எந்திச்சுச் சாப்பிடும்னு சொல்லும், பாத்தா தணல்ல சுட்ட ரொட்டியும் தண்ணியும் தலைமாட்டுல இருக்கும். அது சம்மனசு. வந்த எடத்துல ஒரு வேலை பாத்துச்சு. பாலைவனத்துல தண்ணி இல்லாமப் பிள்ளையைச் செடிக்கடியில போட்டுட்டு அழுத பொம்பளைக்குக் கிணத்தைக் காட்டுச்சு, அதுவும் சம்மனசு. ஜெயில்ல கிடந்த இராயப்பருக்குச் சங்கிலியைக் கழத்திவிட்டுக் கதவைத் திறந்துவிட்டுச்சு. சரி. ஆனா ஆண்டவர், சிலுவைக்கு முந்துன ராத்திரி, தோட்டத்துல ரத்தமா வேர்த்து, இந்தத் துன்பப் பாத்திரத்தை எடுத்துரும்னு கெஞ்சுனப்பவும் ஒண்ணு வந்துச்சுல்லா. வந்து என்ன பண்ணுச்சு? தேத்துச்சாம். தெம்பு குடுத்துச்சாம். பாத்திரத்தை எடுக்கல. பெரிய வெள்ளிக்கெழமை ஒவ்வொண்ணுக்கும் இது எனக்கு ஆத்தாமையா வரும். எடுக்க முடியாதுன்னா எதுக்கு வரணும். கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கா? அந்த மூலையில எவராச்சும் நின்னாருன்னா அவருகிட்ட இதைத்தான் கேப்பேன். ஒரு கை கொடுத்தீரா, ஒரு தடவை இந்த முதுகைத் தடவி விட்டீரா, ஒரு மூத்திரச் சட்டி எடுத்தீரா? எல்லாம் நான்தான பாக்கேன். இவுகளைத் தூக்குறதுன்னா லேசு இல்ல. எந்த எலும்பைத் தொட்டா உசிரு போற மாதிரி வலிக்கும், எதைத் தொடலாம்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஆஸ்பத்திரியிலருந்து வரும்போது ஸ்ட்ரெச்சர்காரனுக ரெண்டு பேரு, கால் பக்கம் ஒருத்தன் தலைப்பக்கம் ஒருத்தன், ஒரு வார்த்தை சொல்லாம வெடுக்குன்னு தூக்கிட்டானுக. அப்ப இவுக போட்ட சத்தம். லாரி மோதி விலா ஒடிஞ்சப்பக்கூட அந்தச் சத்தம் போட்டதில்ல. அன்னையிலருந்து யாரு கிட்ட வந்தாலும் இவுக ஒடம்பு தானா விறைச்சுருது.

மூச்சு மாறுது. ஐயோ, மூச்சு மாறுது. நெஞ்சு மேல போயி அங்கேயே நிக்குது, எறங்க மாட்டேங்குது, கண்ணு ரெண்டும் அகலமாத் திறந்து என் முகத்தைத் தேடுது. இருக்கேன், இருக்கேன், இந்தா இருக்கேன். முதுகுக்குக் கீழ கையைக் குடுத்து உக்கார வைக்கேன், விசிறுதேன், நெஞ்சைத் தடவுதேன். என்னையத்தான் பாக்காக. பயம், அந்தக் கண்ணு பூரா பயம். என்னையப் பாக்கப் பாக்கப் பயம் ஜாஸ்தி ஆகுது, ஏன்னா என் மூஞ்சியிலயும் அதுதான இருக்கு. என்ன செய்ய, அதை எங்க கொண்டுபோயி வைக்க. அப்ப கண்ணு என்னைய விட்டு நகருது. என் தோளுக்கு மேல, பீரோ பக்கம். அங்க போயி நிக்குது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், கொஞ்சம் கொஞ்சமா நெத்திச் சுருக்கம் விரியுது. தாடை இளகுது. நெஞ்சு எறங்குது, ஏறுது, எறங்குது. என் கையில விறைப்பாக் கிடந்த முதுகு அப்படியே தணிஞ்சு என் மேல சாயுது. நான் இம்புட்டு நாளா ராப்பகலா முழிச்சுக் கிடந்து குடுக்க முடியாததை, அந்த மூலை ஒரு பார்வையில குடுத்துட்டு. எனக்கு அழுகை வருது, அழுகையா ஆங்காரமான்னு தெரியல. எனக்கு ஒண்ணும் தெரியல, பீரோதான் தெரியுது. பீரோவும் சூட்கேசும். ஆனா இந்த முதுகு பொய் சொல்லாது. என் உள்ளங்கைக்கு இந்த முதுகைத் தெரியும்.

இவுக வாய் அசையுது. காதைக் கிட்ட வச்சேன். குரல் காத்தாத்தான் வருது, ஆனா வார்த்தை தெளிவா இருக்கு.

"அவருக்குப் பழக்கம் இல்ல போல, மதலே. எப்பிடித் தூக்கணும்னு தெரியாம நிக்காரு. நீ சொல்லிக்குடு."

சொல்லிட்டு என் கையைப் பிடிச்சாக. பிடியில தெம்பு இல்ல. அப்பத்தான் எனக்கு உறைக்குது. இவுகளுக்குப் போறதுக்குப் பயம் இல்ல. தெரியாத கை வந்து வெடுக்குன்னு தூக்கிருமோன்னுதான் பயம். காலையிலருந்து அதுக்குத்தான் அங்கேயே பாத்துக்கிட்டுக் கிடக்காக. நாற்காலி போடச் சொன்னதும் அதுக்குத்தானோ என்னமோ, அவசரப்படாம உக்காருங்கன்னு சொல்லத்தானோ. நான் என்ன செஞ்சேன், துணியைக் குமிச்சு வச்சேன், பொய் சொன்னேன், சாமியார் வேண்டாம்னேன், இவுக பயத்தோட பயமா ஒரு பகல் பூராக் கிடந்தாக. இவுகளைத் தூக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். போற எடம் வரைக்கும் நான் தூக்கிட்டுப் போக முடியாது. அப்ப தூக்கப் போறவருக்கு யாரு சொல்லிக்குடுக்க. இதுக்குக் கொர்னேலி மதினிக்குச் செபம் தெரியாது, சின்னச் சாமியார் படிச்ச படிப்புலயும் இது இருக்காது. எனக்குத்தான் தெரியும்.

இவுகளை மெதுவா வலது பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வச்சுட்டு எந்திச்சு நின்னேன். பீரோவைப் பாத்து நின்னேன். தூக்கிப் பழகாததுன்னா, ஷெட்டு வாசல்ல நின்னுக்கிட்டே இருந்ததுதானோ என்னமோ. வெக்கமாத்தான் இருக்கு. முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டேன், புது ஆளு முன்னால நிக்கிற மாதிரி. உங்களைத்தான், கொஞ்சம் கேட்டுக்கிடுங்க. கால் பக்கமாத் தூக்கக் கூடாது. முதல்ல வலது தோளுக்குக் கீழ கையைக் குடுங்க, அப்புறம் இடுப்புக்கு. இடது விலாவைத் தொடாதீக, அங்க எப்பவோ ஒடிஞ்சு கூடுனது, வலிக்கும். தூக்கப் போறேன்னு முன்னாலேயே சொல்லிட்டுத் தூக்குங்க, சொன்னா ஒடம்பைத் தளத்திக் குடுப்பாக, சொல்லாட்டி விறைச்சுக்கிடுவாக. மல்லாக்கப் போட்டா மூச்சு முட்டும், நெஞ்சோட சேத்துச் சாய்ச்சுக்கிடுங்க. தண்ணி கேட்டா வெதுவெதுன்னு குடுங்க. வேகமாப் போகாதீக, வண்டியில பக்கத்துல உக்காந்தா இவுகளுக்கு அடுத்தவுக ஓட்டுறது பிடிக்காது, கால் தன்னால பிரேக்கைத் தேடும், அது ஒண்ணும் இல்ல, கையைப் பிடிச்சுக்கிட்டாச் சரியாயிரும். முழிச்சதும் ஒரு நிமிசம் எங்க இருக்கோம்னு தெரியாமத் திகைப்பாக. அப்பப் பேரு சொல்லிக் கூப்பிடணும். பொனிப்பாஸ்னு இல்ல, அது எல்லாரும் கூப்பிடுறது. பொன்னுன்னு கூப்பிடுங்க. பெண்டாட்டி புருசன் பேரைச் சொல்லக் கூடாதும்பாக, நான் யாரும் இல்லாதப்ப மெதுவா அப்படித்தான் கூப்பிடுவேன், இந்த ஊருல ஒரு ஆளுக்கும் தெரியாது. அதைக் கேட்டா யாரு கூப்பிடுதான்னு இவுகளுக்குத் தெரிஞ்சுரும், பயம் போயிரும். இனிமே நீங்களே கூப்பிட்டுக்கிடுங்க.

திரும்பிப் பாத்தேன், இவுக கண்ணை மூடிட்டாக, மூச்சு ஒரே சீரா இருக்கு, பொன்னுன்னு சொன்னதைக் கேட்டிருப்பாக போல, உதட்டு ஓரத்துல என்னமோ இருக்கு. செல்போன் செத்துக் கிடக்கு, மதினி வீட்டுக்கு நான்தான் போகணும். போயி சாமியாரைக் கூட்டிட்டு வரச் சொல்லணும். குனிஞ்சு இவுக காதுல சொன்னேன், இந்தா வந்துருதேன், ஆளு இருக்கு பக்கத்துலன்னு. அப்புறம் பீரோ பக்கம் திரும்பி, பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டு, ஆஸ்பத்திரியிலருந்து வந்த நாளையிலருந்து முதல் தடவையா இவுகளை விட்டுட்டுத் தெருவுல எறங்குனேன்.